ஜெனெட் ரேங்கின்: கொண்டுவந்த மசோதாக்களும் அளித்த வாக்குகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். இரண்டு உலகப் போர்களில் அந்நாடு இறங்கியபோதும் எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர். ஜெனெட் ரேங்கினைப் பற்றிப் பொது அறிவுப் புத்தகங்கள் இந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. இரண்டும் உண்மைதான். ஆனால் அவர் எழுதிய மசோதாக்கள் வேறு ஆட்களின் பெயரில் சட்டமானதை அந்த வரிகள் சொல்வதில்லை. ஒரு போர்த் தீர்மானத்துக்கு அவரே 'ஆம்' என்று வாக்களித்ததையும் சொல்வதில்லை. அவரைப் பற்றிப் பேசும் இடங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ரேங்கின் எத்தனை ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார்?

மொத்தம் நான்கே ஆண்டுகள். 1917 முதல் 1919 வரை ஒரு முறை, 1941 முதல் 1943 வரை இன்னொரு முறை. இரண்டும் பிரதிநிதிகள் சபையில். இரண்டும் மொன்டானா மாநிலத்திலிருந்து. இரண்டும் குடியரசுக் கட்சி சார்பில். நடுவில் 22 ஆண்டு இடைவெளி. அவர் உள்ளே இருந்த இரண்டு முறையும் நாட்டின் முன்னால் போர் வந்து நின்றது தற்செயல்தான். ஆனால் அவருடைய வாழ்க்கை முழுவதையும் அந்தத் தற்செயலே தீர்மானித்துவிட்டது.

பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத நாட்டில் ஒரு பெண் எப்படித் தேர்தலில் வென்றார்?

நாடு முழுவதற்குமான வாக்குரிமை 1920இல்தான் வந்தது. ஆனால் மேற்கு மாநிலங்கள் பல அதற்கு முன்பே தங்கள் அளவில் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்துவிட்டன. மொன்டானா 1914இல் கொடுத்தது. அதைப் பெற்றுத்தந்த இயக்கத்தில் முன்னணியில் நின்றவர் ரேங்கினேதான். 1911இல் மாநிலச் சட்டசபையின் முன்னால் நின்று அதற்காகப் பேசியிருக்கிறார். அந்தச் சபையில் உரையாற்றிய முதல் பெண்ணும் அவரே.

1880இல் மிசௌலா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் பிறந்தவர். உயிரியலில் பட்டம் பெற்று, பிறகு நியூயார்க்கில் சமூகப் பணி படித்தார். 1916 தேர்தலில் மொன்டானாவின் இரண்டு இடங்களுக்கும் மாநிலம் முழுவதுமே ஒரே தொகுதியாக இருந்தது. வாக்குரிமைப் போராட்டத்தின்போது ஊர் ஊராகச் சுற்றியிருந்தவருக்கு இது தோதாக அமைந்தது. தம்பி வெலிங்டன் வழக்கறிஞர். பிரசாரத்தை முன்னின்று நடத்தியவர் அவர்தான். ரேங்கின் இரண்டாம் இடம் பிடித்து உள்ளே போனார்.

1917 ஏப்ரலில் சபையில் என்ன நடந்தது?

ஏப்ரல் 2ஆம் தேதி பதவியேற்றார். அன்று காலை அவருக்கு விருந்து கொடுத்தபோது, வாக்குரிமை இயக்கத்தின் எதிரெதிர் அணித் தலைவிகளான கேரி சாப்மன் கேட்டும் ஆலிஸ் பாலும் அவருக்கு இரு பக்கத்திலும் அமர்ந்திருந்தார்கள். மாலையில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் சபைக்கு வந்து ஜெர்மனிமீது போர் அறிவிக்கக் கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே இந்தச் சோதனை.

போரை ஆதரித்து வாக்களிக்கும்படி கேட்டின் அணி ரேங்கினை வற்புறுத்தியது. ஒரு பெண் போரை எதிர்த்தால் 'பெண்களுக்கு அரசியல் சரிப்படாது' என்று சொல்லிவிடுவார்கள், வாக்குரிமையே தள்ளிப்போய்விடும் என்பது அவர்களுடைய அச்சம். தம்பியும் அதையேதான் சொன்னார்.

விவாதம் 5ஆம் தேதி தொடங்கி நள்ளிரவைத் தாண்டி ஓடியது. 6ஆம் தேதி விடியற்காலை சுமார் மூன்று மணிக்கு வாக்கெடுப்பு. உறுப்பினர்களின் பெயரை ஒவ்வொன்றாக அழைத்து வாக்கைக் கேட்கும் முறை அது. முதல் சுற்றில் ரேங்கினின் பெயர் வந்தபோது பதிலே வரவில்லை. முன்னாள் சபாநாயகர் ஜோ கேனன், வயதானவர், அவருடைய இருக்கைக்கு வந்து, நீ வாக்களிக்காமல் இருக்கக் கூடாது, இந்த நாட்டுப் பெண்களின் பிரதிநிதி நீ என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது சுற்றில் பெயர் அழைக்கப்பட்டபோது ரேங்கின் எழுந்தார். "என் நாட்டோடு நிற்கவே விரும்புகிறேன். ஆனால் போருக்கு என்னால் வாக்களிக்க முடியாது" என்றார். வாக்கைச் சொல்லும்போது வேறு எதுவும் பேசக் கூடாது என்பது அந்தச் சபையின் நெடுநாள் வழக்கம். அன்று அந்த வழக்கம் உடைந்தது. தீர்மானத்துக்கு ஆதரவாக 373 வாக்குகள், எதிராக 50.

அவர் கதறி அழுதார் என்பது உண்மையா?

மறுநாள் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. ஆனால் அருகில் இருந்தவர்கள் சொன்னது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பின்னாளில் நியூயார்க் மேயரான பியோரெல்லோ லா கார்டியா அன்று சபையில் இருந்தார். ரேங்கின் அழுதாரா என்று அவரிடம் கேட்டார்கள். என் கண்ணே நிறைந்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை என்றார் அவர். இத்தனைக்கும் லா கார்டியா போரை ஆதரித்தவர். அன்று பல ஆண் உறுப்பினர்கள் கலங்கிப்போயிருந்தார்கள். செய்தியானது ஒரு பெண்ணின் கண்ணீர் மட்டும்தான்.

50 பேர் எதிர்த்திருக்கும்போது இவர் ஒருவரை மட்டும் ஏன் தூற்றினார்கள்?

இந்தக் கேள்வியை ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மற்ற 49 பேரும் ஆண்கள். அவர்களில் ஒருவர் கிளாட் கிச்சின்; வில்சனின் சொந்தக் கட்சியைச் சேர்ந்தவர், அதுவும் சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். குடியரசுத் தலைவரின் கட்சித் தலைவரே எதிர்த்து வாக்களித்தது எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் இன்று அவர் பெயரைச் சொன்னால் யாருக்காவது தெரியுமா? ஆண் எதிர்த்தால் அது அரசியல் நிலைப்பாடு, பெண் எதிர்த்தால் அது பலவீனம் என்று அன்றைக்குப் பார்த்தார்கள். அதே 50 வாக்குகளில் ஒன்றாகத்தான் ரேங்கினின் வாக்கைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அதன் உண்மையான அளவு தெரியும்.

ஆஸ்திரியா–ஹங்கேரிமீது போர் அறிவித்தபோது அவர் ஆதரித்தார் என்கிறார்களே?

ஆதரித்தார். 1917 டிசம்பர் 7ஆம் தேதி அந்தத் தீர்மானம் வந்தது. ஆதரவு 365, எதிர்ப்பு 1. அந்த ஒரே எதிர்ப்பு சோஷலிஸ்ட் உறுப்பினர் மேயர் லண்டனுடையது. ரேங்கின் 'ஆம்' பக்கம்.

அவரைக் கொண்டாடுகிறவர்கள் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. ரேங்கினே அன்று காரணம் சொன்னார்: போர் என்பது சச்சரவைத் தீர்க்க முட்டாள்தனமான, பயனற்ற வழி என்றே இன்னும் நம்புகிறேன், ஆனால் இது ஏற்கெனவே அறிவித்துவிட்ட போரை நடத்துவதில் வரும் வெறும் சட்ட நுணுக்கம், பணத்துக்கும் ஆட்களுக்கும் எப்படி வாக்களித்தேனோ அப்படியே இதற்கும் வாக்களிக்கிறேன் என்றார்.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். போருக்குள் நுழைவதை எதிர்த்தவர், நுழைந்த பிறகு அதற்கான நிதியையும் படையையும் தடுக்கவில்லை. போர்க் கடன் பத்திரங்களையும் ஆதரித்தார். சண்டைக்கு அனுப்பிவிட்ட பையன்களை வெறுங்கையோடு விடக் கூடாது என்பது அன்றைய அவருடைய கணக்கு. எனக்கு இந்த ரேங்கினைத்தான் அதிகம் பிடிக்கிறது. கொள்கையும் பொறுப்பும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் இடத்தில் நின்று, தன் காரணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வாக்களித்தவர் அவர்.

பெண்கள் வாக்குரிமைத் திருத்தத்தில் அவர் பங்கு என்ன?

சபையில் அவர் செய்த மிகப் பெரிய வேலை இதுதான் என்பேன். இதற்கென்று ஒரு தனிக் குழு 1917இல் அமைக்கப்பட்டது; அதில் அவர் உறுப்பினரானார். 1918 ஜனவரி 10ஆம் தேதி திருத்தம் சபைக்கு வந்தபோது விவாதத்தைத் தொடங்கிவைத்துப் பேசியவர் அவர். உலகத்தில் மக்களாட்சியைக் காப்பதற்காகப் போருக்கு வாக்களித்த இதே மன்றம், நம் நாட்டுப் பெண்களுக்கு இந்தச் சிறிதளவு மக்களாட்சியைக் கொடுக்க மறுத்தால், மக்களாட்சி என்பதன் பொருளை அவர்களுக்கு எப்படி விளக்கப்போகிறோம் என்று ஆண்கள் நிறைந்த அந்தச் சபையைக் கேட்டார். வில்சன் போருக்குச் சொன்ன காரணத்தை எடுத்து அப்படியே திருப்பிப் போட்டார். ஏப்ரலில் போரை எதிர்த்தவர் வாயிலிருந்து வந்ததால் அதற்கு இரண்டு மடங்கு கூர்மை.

அரசியல் சட்டத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒவ்வொரு வாக்குக்கும் உயிரைக் கொடுத்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. டென்னசியைச் சேர்ந்த தீட்டஸ் சிம்ஸ் தோள் எலும்பு முறிந்த நிலையில், கட்டுப்போட்டுக்கொள்ள மறுத்து, வலியோடு சபையிலேயே இருந்தார். கட்டுப்போட்டு மருந்து கொடுத்தால் வாக்கெடுப்பைத் தவறவிடுவோம் என்று பயம். நியூயார்க்கைச் சேர்ந்த பிரெடரிக் ஹிக்ஸ், வாக்குரிமைக்காகப் பாடுபட்ட தன் மனைவியின் மரணப் படுக்கையிலிருந்து கிளம்பி வந்து வாக்களித்துவிட்டு, இறுதிச் சடங்குக்குத் திரும்பினார்.

முடிவு: 274க்கு 136. அன்று பதிவானவை 410 வாக்குகள். அதில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 274. அதாவது ஒரு வாக்குக் குறைந்திருந்தாலும் தோற்றிருக்கும். அந்த 274இல் ஒன்று ஒரு பெண்ணுடையது. செனட் சபை அந்த ஆண்டு அதைத் தோற்கடித்தது. 1919இல் மறுபடி வந்து நிறைவேறியபோது ரேங்கின் உறுப்பினராக இல்லை. வேறு எந்தப் பெண்ணும் இல்லை. ஆகவே அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை தரும் திருத்தத்துக்கு நாடாளுமன்றத்துக்குள் வாக்களித்த ஒரே பெண் அவர்தான். பெருமைப்பட வேண்டிய செய்தி, வெட்கப்பட வேண்டியதும்கூட.

அவர் கொண்டுவந்த மசோதாக்களில் எத்தனை சட்டமாயின?

அவர் பெயரில் பெரிய சட்டம் ஒன்றும் இல்லை. இதை வைத்துக்கொண்டு, அவரிடம் இரண்டு 'இல்லை'களைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அமெரிக்க நடைமுறை தெரியாததால் வரும் பிழை அது. அங்கே ஒரு மன்றத்தின் காலம் இரண்டு ஆண்டு. அதற்குள் நிறைவேறாத மசோதா காலாவதியாகிவிடும். அடுத்த மன்றத்தில் யாராவது புதிதாகக் கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவருகிறவரின் பெயர்தான் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் இன்னொருவர்.

ரேங்கினுக்கு இது இரண்டு முறை நடந்தது.

1918இல் கிராமப்புறத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் உடல்நலக் கல்வியும் செவிலியர் உதவியும் கிடைக்க மத்திய அரசு நிதி தர வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். குழந்தைகள் நலத் துறையின் தலைவி ஜூலியா லேத்ரப் திரட்டிய விவரங்கள் அதற்கு அடிப்படை. பேறுகால இறப்பில் பல ஐரோப்பிய நாடுகளைவிட அமெரிக்கா மோசமாக இருந்த காலம் அது. மருத்துவரிடம் போக மொன்டானா மலைப்பக்கத்தில் ஒரு கர்ப்பிணி எத்தனை மைல் போக வேண்டும் என்பதை ஊர் ஊராகச் சுற்றியவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மசோதா அந்த மன்றத்தோடு மடிந்தது. 1921இல் அதே எண்ணம், ஷெப்பர்ட்–டவுனர் சட்டம் என்று இரண்டு ஆண் உறுப்பினர்களின் பெயரில் நிறைவேறியது. மத்திய அரசின் நிதியை மாநிலங்களோடு சேர்ந்து தாய் சேய் நலத்துக்குச் செலவழித்த முதல் பெரிய சட்டம். பதவி போன பிறகும் ரேங்கின் வெளியே நின்று அதற்காக ஆதரவு திரட்டினார். மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்புக்கு நடுவே 1929வரை அது நீடித்தது.

இன்னொன்று திருமணமான பெண்களின் குடியுரிமை. 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்துவிடுவாள். வெளிநாட்டுப் பெண்ணை மணந்த ஆணுக்கு ஒன்றும் ஆகாது. மனைவிக்குத் தனியான குடியுரிமை வேண்டும் என்று 1917இல் மசோதா கொண்டுவந்தார் ரேங்கின். அதுவும் மடிந்தது. 1922இல் கேபிள் என்ற உறுப்பினரின் பெயரால் கேபிள் சட்டமாக அது உயிர்பெற்றது, ஒரு பெரிய ஓட்டையோடு. குடியுரிமை பெறத் தகுதியற்ற ஒருவரை மணந்தால் பெண்ணின் குடியுரிமை அப்போதும் போய்விடும். தகுதியற்றவர்கள் என்றால் அன்று ஆசியர்கள். இந்தியர்களும் அதில் அடக்கம் என்று 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத்சிங் திண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தியரை மணந்துகொண்ட அமெரிக்கப் பெண்கள் இதனால் சொந்த நாட்டிலேயே அந்நியரானார்கள். 1931இல்தான் இந்த ஓட்டை அடைபட்டது.

மசோதா எதுவும் இல்லாமல் அவர் சாதித்த காரியம் உண்டா?

உண்டு. வாஷிங்டனில் நோட்டு அச்சடிக்கும் அரசு அச்சகத்தில் வேலை செய்த பெண்கள், போர்க்கால நெருக்கடியைக் காரணம் காட்டித் தங்களை எட்டு மணி நேரத்துக்கு மேல் கசக்கிப் பிழிகிறார்கள் என்று 1917 கோடையில் அவரிடம் வந்து முறையிட்டார்கள். தங்கள் தொகுதி உறுப்பினரிடம் போகவில்லை. வாஷிங்டனுக்கு அப்படி ஒருவர் இல்லவும் இல்லை. ரேங்கின் நேரில் விசாரித்தார், தகவல் திரட்டினார், நிதித் துறைச் செயலர் வில்லியம் மெக்காடூவைப் பார்த்து விடாப்பிடியாகப் பேசினார். எட்டு மணி நேர வேலை நாள் திரும்ப வந்தது. சபைக் குறிப்பில் வாக்கு எண்ணிக்கையாக இது எங்கும் பதிவாகாது. ஆனால் அந்த அச்சகத்துப் பெண்களுக்கு அவருடைய எந்த வாக்கைவிடவும் இது பெரிது.

பியூட் சுரங்கத் தீ விபத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1917 ஜூன் 8ஆம் தேதி மொன்டானாவின் பியூட் நகரில் செம்புச் சுரங்கம் ஒன்றில் தீப்பிடித்து 168 பேர் இறந்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆகஸ்ட் முதல் தேதி தொழிற்சங்கத் தலைவர் பிராங்க் லிட்டில் கடத்திக் கொல்லப்பட்டார். அந்த மாநிலத்தில் சுரங்கமும் பத்திரிகையும் அரசியலும் அனகோண்டா என்ற ஒரே செம்புக் கம்பெனியின் பிடியில் இருந்தன. அதை எதிர்த்தால் அடுத்த தேர்தல் என்ன ஆகும் என்பது ரேங்கினுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே, தேவைப்பட்டால் சுரங்கங்களை அரசே எடுத்து நடத்த அதிகாரம் தரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பியூட்டுக்கே போய் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள்முன் பேசினார். தீர்மானம் எங்கும் போகவில்லை.

1918இல் ஏன் தோற்றார்? போரை எதிர்த்ததாலா?

அது மட்டும் காரணமில்லை. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாக இருந்ததை மொன்டானா சட்டசபை இரண்டாகப் பிரித்தது. அவருடைய ஊர் இருந்த பகுதி ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அங்கே நிற்பதைவிடச் செனட் சபைக்குப் போட்டியிடலாம் என்று முடிவெடுத்தார். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலில் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். பிறகு வேறொரு சிறு கட்சியின் சார்பில் நின்று மூன்றாம் இடம் வந்தார். போர் வாக்கும் பியூட்டும் தொகுதிப் பிரிப்பும் சேர்ந்து செய்த வேலை இது.

22 ஆண்டு கழித்து எப்படித் திரும்பி வந்தார்? இரண்டாம் முறை என்ன தீர்மானங்கள் கொண்டுவந்தார்?

இடைப்பட்ட காலம் முழுவதும் போர் எதிர்ப்பு அமைப்புகளில் வேலை செய்தார். 1940இல் நாட்டில் பெரும்பாலோருக்கு ஐரோப்பியப் போரில் இறங்க விருப்பமில்லை. அந்த மனநிலையில் மேற்கு மொன்டானா 60 வயதான அவரை மறுபடி அனுப்பியது.

1941 தொடக்கத்தில் பிரிட்டனுக்குத் தளவாடம் தரும் மசோதா வந்தபோது அதை எதிர்த்தார். இன்று நம் பொருள் பிரிட்டனுக்குத் தேவை என்றால், நாளைக்கு நம் ஆட்களும் தேவைப்படுவார்களா என்று கேட்டார். நாடாளுமன்றத்தின் குறிப்பான ஒப்புதல் இல்லாமல் படைகளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார், தோற்றது. மே மாதம் இதே கருத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார், அதுவும் அப்படியே.

பலரும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். டிசம்பர் வாக்கு திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஆண்டு முழுவதும் அவர் ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி என்ன நடந்தது?

பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய செய்தி வந்தபோது அவர் ஒரு கூட்டத்தில் பேசுவதற்காக டெட்ராயிட் போகும் ரயிலில் இருந்தார். பாதி வழியில் இறங்கி வாஷிங்டன் திரும்பினார்.

மறுநாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் உரையாற்றிப் போன கையோடு தீர்மானம் எடுக்கப்பட்டது. ரேங்கின் பேச எழுந்தார். சபாநாயகர் சாம் ரேபர்ன் அனுமதிக்கவில்லை. மீண்டும் எழுந்தார்; மீண்டும் மறுப்பு. பெயர் அழைக்கும் முறை தொடங்கியது. அவர் முறை வந்தபோது, "ஒரு பெண்ணாக என்னால் போருக்குப் போக முடியாது; வேறு யாரையும் அனுப்பவும் மறுக்கிறேன்" என்றார். சபையில் சீறல் எழுந்தது. வாக்கை மாற்றிக்கொள்ளுங்கள், ஒருமனதாக இருக்கட்டும் என்று சொந்தக் கட்சிக்காரர்கள் வந்து கெஞ்சினார்கள். எவரெட் டர்க்சன் அவர்களில் ஒருவர். ரேங்கின் மாற்றிக்கொள்ளவில்லை. 388க்கு 1.

வெளியே வந்தபோது கூட்டம் சூழ்ந்துகொண்டது. சபை மண்டபத்தை ஒட்டிய உறுப்பினர் அறையில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக் கதவு, வெளியிலிருந்து படமெடுத்தார்கள். அந்தக் கூண்டிலிருந்தே காவல் துறையை அழைத்தார். காவலர்கள் வந்துதான் அவரை அலுவலகம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 61 வயதுப் பெண், நாட்டிலேயே தனியாள், கையில் ஒரு தொலைபேசிக் குழல். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

மொன்டானா 110 சதவீதம் உனக்கு எதிராக இருக்கிறது என்று தம்பி வெலிங்டன் தந்தி கொடுத்தார். கான்சஸ் மாநிலத்துப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் ஒயிட், அவருடைய நிலைப்பாட்டை முற்றிலும் மறுத்துவிட்டு, அந்தத் துணிச்சலை மட்டும் மனம் திறந்து பாராட்டித் தலையங்கம் எழுதினார்.

ஜெர்மனி, இத்தாலிமீதான போர்த் தீர்மானங்களையும் எதிர்த்தாரா?

எதிர்க்கவில்லை. டிசம்பர் 11ஆம் தேதி அவை வந்தபோது இரண்டிலும் 'இருக்கிறேன்' என்று மட்டும் பதிவு செய்தார். வாக்கெடுப்பில் வந்திருக்கிறேன், ஆனால் ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை என்பது அதன் பொருள். எதிர்ப்பு வாக்கே இல்லாமல் இரண்டும் நிறைவேறின. ஹிட்லருக்கு எதிரான போரையும் எதிர்த்து வாக்களித்தவர் என்று அவரைப் பற்றி எழுதுவது இதனால் தவறு.

கட்சி அவர்மேல் நடவடிக்கை எடுக்கவில்லையா?

பதவியைப் பறிக்கக் கட்சிக்கு அதிகாரம் இல்லை. அமெரிக்காவிலும் கொறடா உண்டு. ஆனால் அவர் சொல்லை மீறினால் உறுப்பினர் பதவி போகாது. நம் நாட்டில் 1985இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவியை இழக்க நேரிடும். ரேங்கினின் பதிவைப் படிக்கிற நம் வாசகர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவரைத் தண்டிக்கும் உரிமை வாக்காளர்களிடம் மட்டுமே இருந்தது. 1942இல் அவர் போட்டியிடவே இல்லை. அந்த இடத்துக்கு வந்தவர், பின்னாளில் செனட் சபையின் பெரும்பான்மைத் தலைவராக உயர்ந்த மைக் மேன்ஸ்ஃபீல்ட்.

நீங்கள் அந்த 1941 வாக்கைச் சரி என்கிறீர்களா?

இல்லை. தாக்கப்பட்ட நாடு திருப்பிப் போராடாமல் இருந்திருக்க முடியாது. அந்தப் போரில் ஜப்பானும் ஜெர்மனியும் வென்றிருந்தால் ஆசியாவின் கதியும் ஐரோப்பிய யூதர்களின் கதியும் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவருடைய வாக்கு தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் பேச அனுமதி மறுத்தது அதைவிடப் பெரிய தவறு. 388 பேர் ஒரு பக்கம் இருக்கும் சபைக்கு, ஒருவரின் ஐந்து நிமிடப் பேச்சைக் கேட்பதில் என்ன குறைந்துவிடப்போகிறது? போர் அறிவிப்பு என்ற ஒன்றைப் பெயர் சொல்லி வாக்களித்து முடிவெடுத்த கடைசித் தலைமுறை அது. 1942க்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் முறையாகப் போர் அறிவித்ததே இல்லை. கொரியா, வியட்நாம், இராக் எல்லாமே அந்தச் சடங்கு இல்லாமல் நடந்தவை. 

காந்தியோடு அவருக்குத் தொடர்பு இருந்ததா?

காந்தியின் வழியில் ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. அகிம்சைப் போராட்ட முறையை அறிய 1946க்கும் 1971க்கும் இடையில் ஏழு முறை இந்தியாவுக்கு வந்திருக்கிறார். கடைசிப் பயணத்தின்போது வயது 90ஐத் தாண்டியிருந்தது.

வியட்நாம் போரை எதிர்த்து 1968 ஜனவரி 15ஆம் தேதி வாஷிங்டனில் சுமார் 5,000 பெண்கள் ஊர்வலம் போனபோது, அதற்கு வைத்த பெயரே 'ஜெனெட் ரேங்கின் படை'. 87 வயதில் முன்வரிசையில் நடந்து போய்ச் சபாநாயகரிடம் மனு கொடுத்தார். 1973 மே மாதம் கலிஃபோர்னியாவில் காலமானார்.

அவருடைய வாக்குகளைச் சபைக் குறிப்பில் எப்படித் தேடுவது?

மன்ற எண்ணை வைத்துத் தேடுங்கள். முதல் முறை 65ஆவது மன்றம், இரண்டாம் முறை 77ஆவது. 1917 போர் வாக்கைத் தேடுகிறவர்கள் ஏப்ரல் 6ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, காணவில்லையே என்று திகைப்பார்கள். வாக்கெடுப்பு விடியற்காலையில் நடந்தாலும், அமர்வு முந்தைய நாளே தொடங்கியது; ஆகவே ஏப்ரல் 5ஆம் தேதி அமர்வில் பாருங்கள். 1918 வாக்குரிமை உரைக்கு ஜனவரி 10. ஆஸ்திரியா–ஹங்கேரி வாக்குக்கு 1917 டிசம்பர் 7. அந்தப் பெயர்ப் பட்டியலில் 'ஆம்' வரிசையில் ரேங்கின் இருப்பார். அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

வாஷிங்டன் போகிறவர்கள் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே அவரைப் பார்க்கலாம். மொன்டானா மாநிலம் 1985இல் கொடுத்த வெண்கலச் சிலை பார்வையாளர் மண்டபத்தில் நிற்கிறது. பீடத்தில் அவருடைய சொற்கள்: போருக்கு என்னால் வாக்களிக்க முடியாது.